முத்திரைத்தாளில் ஒரு கல்யாணம்

கையெழுத்துப் போட்டது உங்க பொண்ணுதானேம்மா என்று சீரியல் கம்பெனி மேனேஜர் ஜோதிவாணன் கத்த, போட்டா, கழுத்தையுமா எழுதிக் குடுத்தோம் என்று எதிர்வீட்டுப் பரிமளம் அதைவிட உரக்கக் கத்த, காய்ந்த புடவையையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டு மாடிப்படியோரம் நிற்கிறேன், எனக்கென்ன வந்தது என்று உள்ளே போகிற பழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை, சாயங்கால சீரியலில் கதாநாயகிக்குத் தங்கையாக வரும் பரிமளத்தின் மகள் அபிநயா வாசலில் பாதி மேக்கப்போடு நிற்கிறாள், ஒப்பந்தம் முடிகிறவரை அவள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாதாம், எப்போது முடியும் என்றால் அவர் நினைக்கிறபோதாம், ஓசூர் மாப்பிள்ளை வீட்டாரோ ஆவணிக்கு மேல் பொறுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், முத்திரைத்தாளில் எழுதியாயிற்றே, கவர்மென்டே சொன்ன மாதிரிதானே என்று பரிமளத்துக்கு நடுக்கம், எனக்கும்தான், முந்தின நாள்தான் அபிநயா என்னிடம், எனக்கு ரெண்டும் வேணும் ஆன்ட்டி, கல்யாணமும் வேணும் நடிப்பும் வேணும் என்றிருந்தாள், அதற்குள் கீழ்வீட்டு வக்கீல் ஃபரீதா மேலே வந்து தாளை வாங்கிப் படித்து, கல்யாணம் கூடாதுன்னு எழுதி வாங்கினா அது எந்தக் கோர்ட்லயும் செல்லாது சார், தாராளமா கேஸ் போடுங்க என்கிறாள், பரிமளம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், மேனேஜரோ சிரித்தார், அதுவரை கத்தியவர் மெதுவாக, கோர்ட்டுக்கு யாரும்மா போறா, நாலு பேருக்கு போன் பண்ணாப் பத்தாதா என்றார்.

அப்புறம் எந்த வீட்டில் போன் அடித்தாலும் எங்கள் மாடி முழுக்கத் திடுக்கிட்டது, தூக்கத்தில் நானே ஏதோ தாளில் கையெழுத்துப் போடுகிறேன், ஃபரீதா செல்லாது செல்லாது என்கிறாள், போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, விழித்தால் நாதஸ்வரம், ஆவணி வந்துவிட்டது, கேஸ் வரவில்லை, முகூர்த்தம் நல்லபடி முடிந்தது, அதே வாரம் சீரியலில் தங்கை லாரி மோதிச் செத்தாள், இங்கே கழுத்தில் ரோஜா மாலை, டிவியில் படத்துக்குச் சந்தன மாலை, பரிமளம் எதைப் பார்த்து அழுதாள் என்று எவ்வளவு துருவியும் எனக்குத் தெரியவில்லை, வேறு எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை, அபிநயா ஓசூர் போனாள், வீட்டைக் காலி செய்துவிட்டுப் பரிமளமும் பின்னாலேயே போனாள், போன வாரம் அபிநயா போனில், ஆன்ட்டி, சீரியல்ல என்னை நெனச்சு இன்னும் யாராவது அழறாங்களா என்று கேட்டாள், தினமும் அழறாங்கடி என்றேன், சீரியலில் அவள் படம் தொங்கிய சுவரில் இப்போது கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள்.