ஜோடிக்கணக்கைப் பீஸ் ஆக்கியவன்

கைடு எழுதுவது யாருக்கும் பிடிக்காத வேலை. 2008இல் ஆம்பூர் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்ஷனில் அது பெர்சிஸ் தலையில் விழுந்தது. ஷூவின் மேல்பாகத்தை வெட்டித் தைத்துத் தரும் சின்ன யூனிட்டுகளின் கம்ப்யூட்டர்கள், கம்பெனி சர்வரிடம் ஆர்டரைக் கேட்டு வாங்கும். எந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்பதைச் சொல்வது அந்த ஏபிஐ கைடு. அவள் எழுதியதோடு விடவில்லை. சர்வரின் பதில் கைடோடு ஒத்துப்போகாவிட்டால் எந்த மாற்றத்தையும் வெளியே விடாத ஒரு செக் புரோகிராமையும் போட்டு வைத்தாள்.

அதற்கு முன்பெல்லாம் மாதனூரில் யூனிட் நடத்தும் ரங்கம்மாள், எண்ணிக்கை ஜோடியா பீஸா என்று போனில் கேட்டுக்கொண்டுதான் தோலில் கத்தி வைப்பாள். இருபது பெண்கள் அவளை நம்பித் தைக்கிறார்கள், பயம் இருக்காதா? கைடு மாறினால் நானே சொல்வேன், இனி போன் வேண்டாம் என்று பெர்சிஸ்தான் வாக்குக் கொடுத்தாள்.

போன வாரம் அறுநூறு ஜோடி ஆர்டருக்குச் சர்வர் ஆயிரத்து இருநூறு என்றது. ரங்கம்மாள் ஆயிரத்து இருநூறு ஜோடிக்குத் தோலை வெட்டிவிட்டாள். மறுநாளே அவள் யூனிட்டுக்கு வேலையை நிறுத்தினார்கள்.

பெர்சிஸ் கைடைத் திறந்து பார்த்தாள். ஜோடி என்று அவள் எழுதிய இடத்தில் பீஸ் என்றிருந்தது, போன மாதமே மாற்றியது போலப் பழைய தேதியோடு. செக் புரோகிராமை அந்த ஆர்டருக்கு முந்திய வியாழக்கிழமை யாரோ நிறுத்தியிருந்தார்கள். யார் என்று பார்த்தால் அவள் பெயரே இருந்தது. அவள் பாஸ்வேர்ட் தெரிந்தவன் ஒருவன்தான். பக்கத்து சீட் டைட்டஸ், நான்கு வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன், சர்ச் பாடகர் குழுவிலும் கூட நிற்பவன். 

கேன்டீனில் கேட்டபோது அவன் மறுக்கவில்லை. ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையர் பீஸ் கணக்கில் கேட்டானாம், செக் விடவில்லையாம், அவசரமாம்.

"வுடு பெர்சிஸ். ஒரு யூனிட் போனா இன்னொரு யூனிட்" என்றான்.

மேனேஜர் சுந்தர்ராஜ், ரங்கம்மாளையும் சேர்த்து மூவரையும் கூப்பிட்டார். கைடில் பீஸ் என்றுதான் இருக்கிறது, தப்பு யூனிட்டுடையது என்றார். ரங்கம்மாள் பெர்சிஸைப் பார்த்தாள். பெர்சிஸ் நடந்ததை மறைக்காமல் சொன்னாள், பாஸ்வேர்டைக் கொடுத்தது உட்பட.

டைட்டஸ் சிரித்த முகமாகவே இருந்தான். "பாஸ்வேர்டா? அவங்க யாருக்குமே குடுக்க மாட்டாங்க சார். நம்ம செக்ஷன்லயே அவ்ளோ கரெக்டான ஆளு அவங்கதான்."

கூட இருந்தே குழி பறிப்பவன் புகழ்ந்துகொண்டேயா பறிப்பான்?  பாஸ்வேர்ட் வேறு யாரிடமும் இல்லை என்றால் கைடை யாரும் மாற்றவில்லை, யூனிட்டை மூடச் சொல்லிவிடலாம் என்று மேனேஜர் பேனாவை எடுத்தார்.

"மாத்துனது நான்தான் சார்" என்றாள் பெர்சிஸ். "பழைய தேதியும் நான்தான் போட்டேன். அந்தம்மா மேல தப்பில்ல."

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டார். ரங்கம்மாளுக்கு வேலை திரும்பியது. பெர்சிஸை அன்றே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

ரங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"படிச்ச பொண்ணுன்னு நம்புனேன். இந்தத் தம்பி மேலயா பழி போட்ட?" என்று சொல்லிவிட்டு, டைட்டஸைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனாள்.