பல்லி மேடம்

கொரிய மொழியில் ‘பல்லி, பல்லி’ என்றால் ‘சீக்கிரம், சீக்கிரம்’. பெங்களூரில் கார் சீட் தைக்கும் அந்தக் கம்பெனியின் மேலாளர் சோய் அதை நாளெல்லாம் சொல்வார். லிஃப்ட் கதவு தானாக மூடட்டும் என்று நிற்க மாட்டார். பொத்தானைக் குத்திக்கொண்டே இருப்பார். காபி மெஷினில் கடைசிச் சொட்டு விழுமுன் கோப்பையை உருவிவிடுவார்.

அவர் பேசுவதைத் தமிழிலும் கன்னடத்திலும் எடுத்துச் சொல்வது பெர்னதெத்தின் வேலை. லிங்கராஜபுரத்துக்காரி. சோய் கத்துவதை அவள் திருப்பிச் சொன்னால், தையல் லைனில் இருந்தவர்களுக்கு அவளே கத்துவதுபோல் இருந்தது. அவளுக்குப் ‘பல்லி மேடம்’ என்று பட்டப்பெயர் வைத்தவன் சூப்பர்வைசர் விஜய்குமார். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவன். அவள் தலை தெரிந்தாலே நாக்கை அண்ணத்தில் தட்டி ‘த்ச்சு, த்ச்சு’ என்பான்.

“பல்லி சொல்லுதுப்பா, இன்னிக்கு இன்னா பலனோ!”

லைன் முழுக்கச் சிரிக்கும்.

ஒருநாள் நேராகவே கேட்டாள். “நான் என்ன பண்ணேன்? அவர் சொல்றதைத்தானே சொல்றேன்?”

“உங்க வாய் இல்லன்னா அந்தாளு வெறும் சத்தந்தான் மேடம். அதுக்குப் பல்லு வெச்சுக் குடுக்கறது நீங்கதான்.”

அன்றைக்கு அவளுக்குள் வெறுப்பு இறங்கி உட்கார்ந்துகொண்டது.

மார்ச் மாதத்தில் ஒரு மதியம், விஜய்குமார் போனைப் பிடித்தபடி சோயின் அறைக்குள் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“மேடம், என் வீட்டம்மா எலிசபெத்து ஸ்கூட்டர்லேந்து உழுந்துட்டா. தலைல அடி. ஆஸ்பத்திரில சேத்துருக்காங்க. நான் போவணும், சொல்லுங்க.”

சொன்னாள். கேட்டதும் சோய் துள்ளி எழுந்தார். என் காரில் போகட்டும், டிரைவர் கீழேதான் இருக்கிறான், வேலையைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று படபடவென்று கொரிய மொழியில் பொரிந்தார். அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினார். “பல்லி! பல்லி!”

அதில் விஜய்குமாருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். வாசலுக்கு அந்தப் பக்கம் தையல் லைன்; வேலைக்குத் திரும்பச் சொல்லித் தள்ளுவதாகத்தான் அவனுக்குப் பட்டது.

“இன்னா சொல்றான் இவன்?” என்று அவளைப் பார்த்தான்.

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றாள்.

அது போதுமாயிருந்தது. அவன் சோயின் காலரைப் பிடித்து வாயிலேயே குத்தினான். செக்யூரிட்டிகள் வந்து இழுத்துப் போனார்கள்.

“காரைத்தானே கொடுத்தேன்? அவனிடம் சொன்னாயா இல்லையா?” உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி சோய் கேட்டார்.

“சொன்னேன் சார். அவர் காதில் வாங்கவில்லை.”

அன்றே அவனுக்கு வேலை போயிற்று. பஸ் மாறி மாறி அவன் போய்ச் சேருமுன் எலிசபெத்தை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். போகும்வரை அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். உயிர் பிழைத்தாள், பேச்சு திரும்பவில்லை.

இதையெல்லாம் லைன் ஆட்கள் பேசிக்கொண்டது பெர்னதெத்தின் காதிலும் விழுந்தது. சில வாரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அவனைப் போனில் கூப்பிட்டாள்.

“அன்னிக்கு சோய் சார் உங்களைத் திட்டலை. அவர் கார்ல போகச் சொன்னார்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நீங்க என்னைப் பல்லின்னீங்க.”

மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள். வாயில் வந்ததோ இதுதான்.

“அதுக்கா?” என்றான் மெதுவாக. பிறகு அவளையும் அவள் தாயையும் சேர்த்து ஏச ஆரம்பித்தான். அவள் போனை வைக்கவில்லை. அவன் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவளும் ஏசத் தொடங்கினாள்.