மலைக்குள் பூந்த பொழுது

சங்கராபுரத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் கோகிலவாணி அதுவரை தொண்ணூற்றொன்பது நாடுகளோடு பேசி முடித்திருந்தாள். போனில் அல்ல, ஹாம் ரேடியோவில். நடுவில் கேபிள் கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. ஒரு செம்புக் கம்பி, ஒரு பெட்டி, மோர்ஸ் தட்டும் அவள் விரல், மேலே வானம். அவ்வளவுதான். நூறு நாடு தொட்டால்தான் இந்தக் கூட்டத்தில் ஆளை ஆளென்று மதிப்பார்கள். நூறாவதாக மெக்சிகோவைக் குறித்து வைத்திருந்தாள்.

இரண்டு வருடமாக ஒரு மெக்சிகோக்காரரின் சத்தம்கூட அவள் காதில் விழவில்லை. கடைசியில் எர்னெஸ்தோ என்பவர் மெயிலில் கிடைத்தார். வடக்கே பார்த்த பெரிய ஆன்டெனா வைத்திருப்பவர். சிக்கல் என்னவென்றால், அவர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறார். அங்கே ஆன்டெனா கட்ட விடமாட்டார்கள். சாமான் ஏற்ற லாரி வருகிற நாளன்று, அது வந்து நிற்பதற்கு முன் அரை மணி நேரம் தருவதாக எழுதியிருந்தார். நம் நேரப்படி ஆறு மணிக்கு லாரி வரும். ஐந்தரையிலிருந்து ஆறுக்குள் பேசினால் உண்டு. இல்லையென்றால் இனி எப்போதோ.

சங்கராபுரம் வீட்டில் இது நடக்காது. சுற்றிலும் எல்.இ.டி. பல்பும் இன்வெர்ட்டரும் போடும் இரைச்சல் ரேடியோவில் கொர்ரென்று நிரம்பிவிடும். அதனால் மத்தியானமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோமுகி அணைப் பக்கம், கல்வராயன் மலையடியில் இருக்கும் தம்பி பகலவனின் மரவள்ளிக் கொல்லைக்கு வந்துவிட்டாள். மோட்டார் கொட்டகைக் கூரையோடு சேர்த்து ஒரு மூங்கிலை நட்டு, அதன் உச்சியிலிருந்து கிழக்கே முப்பத்து மூன்று அடி, மேற்கே முப்பத்து மூன்று அடி கம்பியை இழுத்துக் கட்டினாள். இப்படிக் கட்டிய கம்பி வடக்கிலும் தெற்கிலும்தான் நன்றாகப் பேசும்.

“யக்கா, மெக்சிகோ மேற்காலதான இருக்குது? நீ இன்னா வடக்கப் பாத்து கட்டிக்கினு இருக்க?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல அவள் ஒரு தேங்காயை எடுத்தாள். “இதான் பூமி. நம்ம கொல்லை இங்க. நேர் பின்பக்கத்துக்குக் கொஞ்சம் மேல மெக்சிகோ. ஒரு எறும்பு இங்கேர்ந்து அங்க போவணும்னா எதுடா குறுக்கு வழி? சுத்திக்கினு போறதா, குடுமி மேல ஏறி எறங்கறதா?”

“குடுமிதான்.”

“அதான் வடக்கு.”

சாயங்காலமாக ஏன் பேச வேண்டும் என்பதையும் சொன்னாள். வானத்தில் வெகு உயரத்தில் ஒரு தட்டு இருக்கிறது. ஏரித் தண்ணீரில் எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்தித் தத்திப் போவதைப் போல, ரேடியோ அலை அந்தத் தட்டில் பட்டு, தரையில் பட்டு, மறுபடி மேலே போய், உலகத்தையே தாண்டிவிடும். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு தட்டு உண்டு. வெயில் இருக்கும் வரை அது ஈரச்சாக்கு மாதிரி அலையை உறிஞ்சிக்கொள்ளும். வெயில் சாய்ந்தால் அந்தச் சாக்கு கரைந்து போகும். இங்கே பொழுது சாயும் அதே வேளையில் மெக்சிகோவில் விடியப்போகிறது. இரண்டு முனையிலும் சாக்கு இல்லாத அந்தக் கொஞ்ச நேரம்தான் கதவு.

ஐந்தரைக்கு அழைக்கத் தொடங்கினாள். ஹெட்போனில் வெறும் சீறல். சூரியன் மலை முகட்டைத் தொட்டு, பாதியாகி, காணாமல் போனது. கொல்லை முழுக்க நிழல் விழுந்தது. மணி ஐந்து முப்பத்தைந்து.

“பொழுது பூந்துடுச்சு. ஆள் வரலியாக்கா?”

கோகிலவாணி ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள். கிழக்கே பார்த்தாள். அணைத் தண்ணீர் இன்னும் தகதகத்துக்கொண்டிருந்தது. தூரத்துத் தென்னைகளின் தலையில் மஞ்சள் வெயில் அப்படியே இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“டேய், பொழுது எப்ப பூவும்னு அன்னிக்கி போன்ல கேட்டப்ப இன்னா சொன்ன?”

“அஞ்சரைன்னேன். கரெக்டா பூந்துச்சா இல்லியா?”

“மலைக்குள்ள பூந்துச்சுடா! பூமிக்குள்ள எங்க பூந்துச்சு? அதுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. பகலவன்னு பேர வெச்சுக்கினு பொழுது சாயற நேரம் தெரியலியே உனுக்கு!”

“பேரு வெச்சது அப்பா. இந்தப் பக்கம் யாரக் கேட்டாலும் அஞ்சரைன்னுதான் சொல்லுவான். நீதான பெரிய ரேடியோக்காரி, உனுக்குத் தெரிய வாணாம்?”

அது நியாயம்தான். சூரியன் மறையும் நேர அட்டவணை அவள் நோட்டிலேயே இருக்கிறது: ஆறு இருபது. ஆனால் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே தம்பியைக் கேட்டு, நின்றுகொண்டே எர்னெஸ்தோவுக்கு இங்கே பொழுது சாய்வது ஐந்தரைக்கு என்று அனுப்பிவிட்டாள். மலையின் நிழல் தரையை மூடும். வானத்துத் தட்டை மூடாது. ஈரச்சாக்கு இன்னும் மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

“மெயின்ரோடு வரைக்கும் வண்டில போயி மெசேஜ் போட்டுட்டு வரட்டா? இங்கதான் டவர் இல்ல.”

“பிரயோஜனமில்ல. ரேடியோ முன்னாடி உக்காந்தா நாங்க போனை அணைச்சு வெச்சுடுவோம்.”

பகலவன் தலையைச் சொறிந்தான். ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது அவனுடைய டிராக்டர் பேட்டரி. “ஆறு மணிக்கு எனுக்கு பேட்டரி வேணும்க்கா. மரவள்ளி லோடு நிக்குது. ஏழுக்கு ஜவ்வரிசி மில்லு கேட்டை மூடிடுவான்.”

“ஆறரை.”

“ஆறேகால்.”

“இன்னாடா ஏலமா வுட்டுக்கினு இருக்க? ஆறரை. அந்தாளு வருவாரு.”

“லாரி வந்துடும்னு நீயேதான சொன்ன?”

“அவரு ஹாம்டா. நான் அனுப்பின நேரத்த அட்டவணையில சரிபாக்காம இருந்திருக்க மாட்டாரு. சரிபாக்காத ஹாம் உலகத்துல இன்னிக்கி நான் ஒருத்திதான்.”

சொல்லிவிட்டு மறுபடி அழைத்தாள். ஒரு நிமிடம் தட்டுவாள், ஒரு நிமிடம் கேட்பாள். ஆறு மணி தாண்டியது. மெக்சிகோவில் லாரி வந்து நின்றிருக்கும். பகலவன் வரப்பில் உட்கார்ந்து ஸ்பேனரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஆறு பத்துக்கு ஹெட்போனில் சீறல் இளகியது. அடியிலிருந்து ஒரு ஜப்பான்காரர் மேலெழுந்து வந்தார். பிறகு சைபீரியாவிலிருந்து ஒருவர். கதவு திறக்கிறது என்று அவள் விரலால் மேலே காட்டினாள். கிழக்கே தென்னந்தலைகளிலும் வெயில் அணைந்திருந்தது.

ஆறு இருபத்திரண்டுக்கு, ரேடியோவில் அவளுக்குப் பெயரான அழைப்புக்குறி கேட்டது. யாரோ தண்ணீருக்கு அடியிலிருந்து தட்டுவதுபோல நடுங்கிக்கொண்டு வந்தது. துருவத்தைத் தாண்டி வரும் அலை அப்படித்தான் நடுங்கும். அந்த நடுக்கமே முகவரி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எர்னெஸ்தோதான். தன் குறியையும், அவள் சிக்னல் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்ற எண்ணையும் அனுப்பினார். அவள் அவருக்கான எண்ணைத் திருப்பி அனுப்பினாள். கிடைத்தது என்றார். கணக்கு முடிந்தது. நூறு.

அவர் போகவில்லை. மெதுவாக இன்னும் இரண்டு வார்த்தை தட்டினார். கோகிலவாணி பென்சிலால் எழுத்தெழுத்தாகக் குறித்து, படித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

“இன்னாக்கா சொல்றாரு?”

“மேற்கே மலையான்னு கேக்கறாரு.”

பகலவன் எழுந்தே விட்டான். “நம்ம மலை அவருக்கு எப்பிடித் தெரியும்?”

அதையே அவள் தட்டிக் கேட்டாள். பதில் நடுங்கி நடுங்கி வந்தது. ஒவ்வொரு வரியாக அவனுக்குச் சொன்னாள். அட்டவணையில் உங்கள் ஊரில் சூரியன் மறைவது ஆறு இருபது. நீங்கள் எழுதியது ஐந்தரை. வித்தியாசம் ஐம்பது நிமிடம். அவ்வளவு பெரிய தவறு செய்ய மலையால்தான் முடியும். லாரிக்காரரை உட்காரவைத்துக் காபி கொடுத்திருக்கிறேன்.

அவள் நன்றி சொல்லி முடித்து ஹெட்போனைக் கழற்றியபோது மணி ஆறு இருபத்தொன்பது.

பகலவன் கறுத்துக்கொண்டிருந்த மலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து பேட்டரி கிளிப்பைக் கழற்றினான்.

“அப்ப நான் சொன்ன நேரம் கரெக்டுன்னு சொல்லு. அத்த வெச்சுதான மலையையே கண்டுபுடிச்சிருக்காரு.”

“தூக்குடா, மில்லு கேட்டை மூடிடுவான்” என்றாள் கோகிலவாணி.