ராக்கம்மாவின் கார்டு

பழைய நோட்டுகள் செல்லாமல் போன மறு வருஷம் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. கீழ் கோத்தகிரியில் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. தற்காலிக ஆட்களை நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் வீரையாவின் சம்பளம் மட்டும் பேங்க்கில் விழுந்துகொண்டிருந்தது.

நாங்கள் வரிசையாகக் குடியிருந்த எஸ்டேட் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குப் போகாதவர் மற்றவர்களின் ஏடிஎம் கார்டுகளை வாங்கிக்கொண்டு கோத்தகிரிக்கு பஸ் ஏறுவார். ஒவ்வொரு கார்டின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, பெயரும் ரகசிய எண்ணும் எழுதியிருக்கும். வேலை போனதிலிருந்து அந்த முறை எப்போதும் என்னுடையது.

அந்தச் சமயத்தில்தான் கோத்தகிரி மளிகைக்கடைக் கருணாகரன் புதிதாக ஓர் அட்டை கொடுத்தார். பணத்தை முன்னாலேயே அதில் ஏற்றிவைத்து, தீரும்வரை அவர் கடையில் சாமான் வாங்கலாம். கொஞ்சம் கூடுதலாகவும் ஏற்றித் தருவார்.

என் வீட்டுக்காரருக்கு அது பிடித்துவிட்டது. சிறு வயதில் சிலோனிலிருந்து வந்தவர். அந்தப் பேச்சு கடைசிவரை மாறவில்லை.

"பேங்க்ல வச்சா லோன்னு புடிப்பான், பேலன்ஸ் கொறஞ்சிருச்சுன்னு புடிப்பான். இந்த அட்டைய ஒருத்தனும் தொட ஏலாது."

"அதுல அரிசி பருப்புதாங்க கெடைக்கும். பேங்க் கார்டுன்னா மருந்துக்கடையிலயும் தேய்க்கலாம்."

"மருந்துதான் ஆஸ்பத்திரியில சும்மா தாறாங்களே."

அந்த மாதச் சம்பளம் முழுவதும் அட்டைக்குப் போயிற்று; பேங்க்கில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதே மாதம், ஆடி மழையில் அவருக்கு மூச்சிரைப்பு கூடியது. உறிஞ்சுகிற மருந்து ஆஸ்பத்திரியில் தீர்ந்திருந்தது. சீட்டு எழுதி, வெளியே வாங்கச் சொன்னார்கள். மருந்துக்கடையில் மளிகை அட்டை எடுபடாது. கருணாகரனிடம் போய், ஏற்றிய பணத்தில் கொஞ்சம் திருப்பித் தரச் சொன்னேன்.

"ஏனுங்க்கா, ஏத்தறதுக்குத்தானுங்க மெசின். எறக்கறதுக்கு அதுல வழியே இல்லீங்க. சாமானா எடுத்துக்கங்க, மூட்டை மூட்டையா வேணாலும் தரனுங்க."

வெறுங்கையோடு திரும்பினேன். சுருட்டிய படுக்கையில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மருந்து இல்லாமல் இன்னோர் இரவைத் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு ராக்கம்மா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்த் தன் பேங்க் கார்டை எடுத்து வந்தாள்.

"அடியே, இத மருந்துக்கடையில தேய். ஒன் அட்டையில எனக்கு அரிசி வாங்கியாந்துரு. அதுக்கு இது சரியாப் போச்சு. இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற!"

படுக்கையிலிருந்து அவர் விட்டு விட்டுச் சொன்னார்: "சோப்பும்... வாங்கச் சொல்லு. அவளுக்குத்தான்... தேவை."

"மூச்சு வாங்கறப்பவும் வாய் கொறையுதா பாரு," என்றாள் ராக்கம்மா.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மருந்துக்கடைப் பையன் கார்டைத் திருப்பி, பிளாஸ்திரியைப் படித்தான்.

"ராக்கம்மாள்ங்கறது நீங்களாங்க?"

"ஆமாங்க."

"நம்பர இப்புடி எழுதி வைக்கக்கூடாதுங்க அக்கா. யாராச்சும் எடுத்துத் தேச்சுருவாங்க."

"சரிங்க," என்று சொல்லி எண்ணை அழுத்தினேன். பிறகு கருணாகரன் கடையில் ராக்கம்மாவுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி எங்கள் அட்டையில் தேய்த்தேன். சோப்பும் வாங்கினேன்.

அன்று இரவு அவர் படுத்துத் தூங்கினார்.

அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தில் பாதியை பேங்க்கிலேயே விட்டுவிடச் சொன்னார். எது நல்லது என்று அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது.

மார்கழிப் பனியில் அவர் போய்ச் சேர்ந்தார். இறப்புச் சான்றிதழ் வந்து, மனு எழுதிக் கொடுக்கும்வரை அவர் கணக்கில் கைவைக்கக் கூடாது என்று பேங்க்கில் சொன்னார்கள். சாவுக்கு வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். வீட்டில் சீனி இல்லை. மாடத்திலிருந்த கடை அட்டையை எடுத்து ராக்கம்மாவிடம் கொடுத்தேன். அதில் யார் பெயரும் இல்லை. கருணாகரனும் எதுவும் கேட்கவில்லையாம். சீனியும் பால்பவுடரும் வந்தன.

அந்த அட்டையை ஒருத்தனும் தொட ஏலாது என்று அவர் சொன்னது அந்த மட்டுக்குச் சரியாகத்தான் இருந்தது.