உள்ளங்கையா, புறங்கையா

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. தையல்கார அக்கா என் சட்டைக்கு அளவெடுக்கும்போது வாய்தவறிச் சொன்னது. "இதையெல்லாம் எழுதித் தொலைச்சிடாத" என்றும் சொன்னார். எழுதுகிறவனிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

2

மருத்துவமனை சன்னலில் மழைத்துளிகள் மெல்ல—

வேண்டாம். மழையே பெய்யவில்லை. மத்தியானம், மின்விசிறி கடகடத்தது, அவ்வளவுதான்.

கட்டிலில் அக்காவின் வீட்டுக்காரர். ஒருகாலத்தில் கத்தோலிக்கக் குரு, அதாவது ஃபாதர். குருத்துவத்தை விட ரோமிலிருந்து முறைப்படி அனுமதி வாங்கி, கோயிலிலேயே அக்காவைக் கட்டிக்கொண்டவர். ஞானஸ்நானம் தொடங்கி நோயில் பூசுதல் வரை திருச்சபையின் அருட்சாதனங்கள் ஏழு; கல்யாணமும் குருப்பட்டமும் அதில் இரண்டு. குருப்பட்டம் வாங்கியவருக்குக் கல்யாணம் கிடையாது. கட்டிக்கொண்டவருக்குப் பட்டம் கிடையாது. "மத்தவங்களுக்கு ஆறுதான். இன்னிக்கு எண்ணெய் பூசிட்டா எனக்கு ஏழும் முழுசு" என்று காலையில் சிரித்தாராம். சாகக் கிடக்கிற மனுஷனுக்குக் கொழுப்பைப் பாருங்கள்!

3

(அடிக்குறிப்பாகப் போட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள், அதனால் இங்கேயே: நோயில் பூசுதலில் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசுவார்கள். நோயாளி குருவென்றால் புறங்கையில் பூசுவது பழைய வழக்கம். அவர் உள்ளங்கைகள் பட்டம் வாங்கிய அன்றே எண்ணெயால் அபிஷேகமானவை.)

வந்த இளம் ஃபாதர் எண்ணெயோடு தயங்கினார்.

"எந்தப் பக்கம் பூசட்டும்? நீங்களே காட்டுங்க."

கட்டிலில் இருந்தவருக்கு மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை மெல்ல எடுத்தார்.

ஞாயிறு பூசையில் பீடத்தைப் பார்த்து, ஃபாதர் சொல்லும் ஜெபத்துக்கு அவர் உதடு தானாக அசையும். தோளோடு தோள் உட்கார்ந்தும் அக்கா அப்போதெல்லாம் தனியாகத்தான் இருந்தார். தன்னோடு வாழ்ந்த இருபத்தேழு வருஷமும் அவர் குருவேலைக்கு லீவு போட்டிருந்த காலமா? ஒருநாளும் கேட்டதில்லை. பயம்.

4

முடிவு ஒன்று: உள்ளங்கையை விரிக்கிறார். அக்கா ஓவென்று அழுது— (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: புறங்கை. அக்கா— (எழுத மனசு வரவில்லை.)

பொறுக்காமல் கேட்டே விட்டேன். "எந்தப் பக்கம்க்கா காட்டினாரு?"

"நான் பாக்கல. கையை எடுத்ததுமே எழுந்து வெளிய வந்துட்டேன்."

"ஃபாதர்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

அக்கா அளவு நாடாவைச் சுருட்டினார். ரொம்ப நேரம் சுருட்டினார்.

"நான் ஒருத்தி மட்டும் இருக்கிற வீடு. அந்தப் பதிலையும் வச்சுக்கிட்டு அங்க எப்படிடா இருப்பேன்?"

5

எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தோன்றிய பக்கத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.