பனியில் முதல் ஸ்டார்ட்

பெங்களூர் பஸ் ஏறும்போது பூவரசன் தமிழ்மணியிடம் ஒரே ஒரு வேலைதான் சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒன்றைத்தான் தமிழ்மணி செய்யவில்லை. செய்யாமல் விட்டதோடு நின்றானா, செய்தேன் என்று வேறு சொல்லி வைத்தான்.

பூவரசன், தமிழ்மணியின் மனைவி சுகுணாவுக்குத் தம்பி. பெங்களூரில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் சரிபண்ணும் பட்டறையில் வேலை. தமிழ்மணியின் பழைய பெட்ரோல் காரில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் ஐப்பசி மழையில் தண்ணீர் புகுந்து செத்துப்போனது. அந்த மாடலை நிறுத்தியே பதினைந்து வருடம் ஆகிறது. சேலம்வரை அலைந்தும் அதே பெட்டி கிடைக்கவில்லை.

"வேற ஈசியூ பெட்டி போட்டுக்கலாம் மாமா. எந்த எஞ்சினுக்கும் சேர்ற மாதிரி விக்கறாங்க. ஆனா அதுக்கு உங்க எஞ்சினப் பத்தி ஒண்ணும் தெரியாது. எவ்ளோ பெட்ரோல் விடணும், எப்ப பொறி அடிக்கணும், எல்லாம் நாமதான் சொல்லித் தரணும்" என்றான் பூவரசன்.

மூன்று நாள் லீவு போட்டு வந்தான். பழைய வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதுப் பெட்டியில் சேர்த்தான். பிறகு அரூர் ரோட்டில் தமிழ்மணி ஓட்ட, அவன் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "மிதிங்க... அப்படியே புடிங்க... உடுங்க" என்று சொல்லிச் சொல்லி எண்களை மாற்றினான். மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது.

"ஒண்ணுதான் பாக்கி மாமா. குளிர் ஸ்டார்ட். ஜில்லுன்னு இருக்கற எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலா விடணும், எவ்ளோன்னு பாக்கணும். எஞ்சின் ராத்திரி முழுக்கப் பனியில கெடந்து ஜில்லுன்னு இருக்கணும். விடியறதுக்கு முன்னாடி சாவி போட்டுப் பாக்கணும். ஒருக்கா சூடாச்சுன்னா அன்னிக்குப் பொழுது போச்சு, மறுநாள்தான். லேப்டாப்ப வச்சிட்டுப் போறேன். அஞ்சு மணிக்கு ஸ்டார்ட் பண்ணி, அது பதிவு பண்றத எனக்கு அனுப்புங்க."

சரி சரி என்று தலையாட்டினான் தமிழ்மணி.

தலையாட்டியவன் வீட்டுக்குள் போய் முதலில் பார்த்தது நாள்காட்டியை. நல்ல நேரம் ஒன்பதே கால் என்றிருந்தது. அதற்கு முன்னால் புதுப் பெட்டி மாட்டிய வண்டியில் சாவி போட அவனுக்குக் கை வரவில்லை. சிரிக்காதீர்கள். அவனுக்கு அது வெறும் பழக்கம் இல்லை, பயம். இரண்டு வருடத்துக்கு முன் சுகுணாவுக்கு வலி எடுத்தபோது, எமகண்டம் என்று தெரிந்தும் வாடகைக் கார் தேடிக் கிளம்பினான். மலையடிவாரத்தில், மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது அவர்கள் கொட்டாய். பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் மண்பாதை. கார் கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது குழந்தை உள்ளேயே இறந்திருந்தது. அந்தக் கெட்ட நேரத்தில் வாசலைத் தாண்டிய தன் காலைத்தான் அவன் இன்றுவரை திட்டிக்கொண்டிருந்தான். இந்தக் காரை வாங்கியதும் அதற்குப் பிறகுதான். இப்போது சுகுணாவுக்கு மறுபடி ஒன்பதாம் மாதம். ரத்த அழுத்தம் வேறு. வலி எடுத்த உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே மறுநாள் ஒன்பதே காலுக்கு, வெயில் பானெட் மேல் நன்றாக ஏறிய பிறகு, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தான். பதிவை அனுப்பினான்.

மத்தியானம் பூவரசன் போன் பண்ணினான். "மாமா, எஞ்சின் தண்ணிச் சூடு இருபத்தொம்பதுன்னு காட்டுது. காலையிலதான எடுத்தீங்க?"

"காலையிலதாண்டா."

"மார்கழிக் காலையில பதினஞ்சுக்கு மேல இருக்காதே. அப்ப சென்சார்தான் பொய் சொல்லுது."

சொல்லியிருக்கலாம். ஒன்பதே கால் என்று ஒரு வார்த்தை. ஆனால் பஞ்சாங்கம் பார்த்தேன் என்றால் மச்சினன் பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரிப்பான் என்று கூச்சம். வாயை மூடிக்கொண்டான். பூவரசன் சென்சார் காட்டும் அளவைப் பதினாலு டிகிரி கீழே இறக்கி, புதுக் கோப்பு ஒன்றை அனுப்பினான். தமிழ்மணி அதைப் பெட்டியில் ஏற்றினான். மறுநாளும் ஒன்பது மணிக்குமேல்தான் எடுத்தான். கொஞ்சம் கரும்புகை வந்தது, ஆனாலும் ஒரே சாவியில் கிளம்பிவிட்டது. வேலை முடிந்தது என்று இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஐந்தாம் நாள் விடியற்காலை நாலு ஐம்பதுக்கு சுகுணா அவன் தோளை உலுக்கினாள். "ஏங்க, தண்ணிக்கொடம் ஒடஞ்சிருச்சுங்க."

ஆம்புலன்சுக்கு அடித்தான். வண்டி வேறொரு கேஸுக்குப் போயிருக்கிறது, ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். பக்கத்துக் கொட்டாய் மாதுவின் மினி லாரி தக்காளி ஏற்றிக்கொண்டு அப்போதுதான் போயிருந்தது. மாதுவின் மனைவி சென்னம்மாள் ஓடிவந்து சுகுணாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து பின் சீட்டில் படுக்க வைத்தாள்.

நேரம் காலம் எதுவும் பார்க்காமல் தமிழ்மணி சாவியைத் திருகினான். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி திருகினான். மறுபடியும். பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. "ஏ முருகா, ஏ முருகா" என்று முனகிக்கொண்டே ஏழெட்டு முறை திருகியதில் பேட்டரி களைத்து, கிர்... கிர்... என்று இழுத்தது. பின்னால் சுகுணா பல்லைக் கடித்துக்கொண்டு அனத்தினாள்.

நாலாவது தடவை அடித்தபோதுதான் பூவரசன் போனை எடுத்தான்.

"டேய், வண்டி எடுக்கலடா! ஒங்கக்காவுக்கு வலி வந்துருச்சுடா!"

"பதறாதீங்க மாமா. லேப்டாப்ப மாட்டுங்க. தண்ணிச் சூடு எவ்ளோ காட்டுது?"

மாட்டினான். "ஜீரோ."

"ஜீரோவா? நம்மூர்ல ஏது மாமா ஜீரோ?" அவன் குரல் மாறியது. "மாமா, உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கு எத்தன மணிக்கு ஸ்டார்ட் பண்ணீங்க?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுகுணாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழ்மணி பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒம்போதே கால்."

"அய்யோ மாமா! சென்சார் சரியாத்தான் சொல்லியிருக்கு. நாந்தான் அதக் கெடுத்து உட்டுட்டேன். பனிக்கட்டியில நிக்கறோம்னு நெனச்சுப் பெட்டி பெட்ரோலக் கொட்டுது. பொறி அடிக்கற பிளக்கெல்லாம் நனஞ்சு போயிருக்கும். கேளுங்க, பழைய கோப்ப ஏத்துங்க. நாலு பிளக்கையும் கழட்டி அடுப்புல காட்டி மாட்டுங்க. அப்புறம் ஆக்ஸிலேட்டர அடிவரைக்கும் மிதிச்சுக்கிட்டுச் சுத்துங்க. அப்படி மிதிச்சா பெட்டி பெட்ரோல நிறுத்திக்கும்."

கோப்பை ஏற்றினான். பிளக் ஸ்பானரை எடுத்தான். மூன்று பிளக் வந்துவிட்டன; நாலாவது அசைய மறுத்தது. "வாடி... வந்து தொலைடி" என்று அதைத் திட்டினான். விரல் தோல் உரிந்து ரத்தம் வந்தபோதுதான் அது சுழன்றது. நாலையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, இடுக்கியில் பிடித்துத் தீயில் வாட்டினான். வெளியே சுகுணா அலறியது அடுப்படிவரை கேட்டது. பிளக்குகளைத் திரும்ப மாட்டியபோது மணி ஆறு.

மிதித்துக்கொண்டு திருகினான். பேட்டரியால் எஞ்சினைச் சுற்ற முடியவில்லை. டக் என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது.

"தள்ளு சென்னம்மா!" என்று கத்தினான். வாசலிலிருந்து ஓடைவரைக்கும் சரிவு. கதவைத் திறந்து, ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு தோள் கதவுத் தூணில் வைத்து நெட்டினான். பின்னால் சென்னம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நெட்டினாள். வண்டி உருண்டது. எகிறி உள்ளே குதித்து, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டான். ஒரு குலுக்கல். இன்னொரு குலுக்கல். எஞ்சின் இருமி, கரும்புகை கக்கி, பற்றிக்கொண்டது. சென்னம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து பின்னால் ஏறினாள்.

மண்பாதையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சுகுணா துடித்தாள். "மன்னிச்சுக்க சுகுணா, போன தடவ மாதிரி கெட்ட நேரத்துல ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதான்..." என்று அழுதுகொண்டே ஓட்டினான் தமிழ்மணி.

"போன தடவ..." சுகுணா மூச்சை இழுத்தாள். "போன தடவ மொதநாள் சாயங்காலத்துலருந்தே அசைவு இல்லைங்க. எனக்குத் தெரியும். சொன்னா நெசமாயிருமோன்னு பயந்து, உங்ககிட்ட சொல்லல. நீங்க எந்த நேரத்துல கெளம்பியிருந்தாலும் அதேதாங்க."

ரோடு அவன் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"இப்ப? இப்ப அசையுதா?"

"ராத்திரி உதைச்சுது. இப்பத் தெரியல. பேசாம ஓட்டுங்க."

அரசு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது ஆறு முப்பத்தைந்து. ஸ்ட்ரெச்சரிலேயே வைத்து நர்ஸ் அவள் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினாள். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் இல்லை. கீழே நகர்த்தினாள். அப்போது மெதுவாக, விட்டு விட்டு, துடிப்புச் சத்தம் வந்தது.

"இருக்கு. ஆனா ரொம்பக் கொறஞ்சுபோச்சு. தியேட்டருக்குத் தள்ளுங்க!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு நர்ஸ் அவன் பக்கம் திரும்பினாள். "வலி எத்தன மணிக்கு வந்துச்சு?"

"நாலு அம்பதுங்க."

"அட்டையில போட்ட ஊரு இங்க பக்கத்துலதான். இவ்ளோ நேரம் என்னய்யா பண்ணிட்டிருந்த?"

வண்டி எடுக்கவில்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தான். கையெல்லாம் கிரீஸ், கண்ணெல்லாம் தண்ணீர்.

"பொய் சொல்லிட்டேங்க" என்றான்.

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நின்று கேட்க அவளுக்கு நேரமும் இல்லை. ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடினாள்.