ஒரே கண்டெய்னரில் இரண்டு கார்

மாஸ்டர் பொய் சொல்லிப் பழகாத மனிதர். அதனால்தான் வயதான காலத்தில் சொன்ன ஒரு பொய்யையும் இவ்வளவு கேவலமாகச் சொல்லி வைத்தார்.

டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். தூரத்தில் மஞ்சள் விளக்கு தெரிந்தாலே பிரேக்கில் காலை வைக்கிற ரகம். ஸ்கூலை விற்றுவிட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு, காரிலேயே உலகம் சுற்றக் கிளம்பினார். தரை இருக்கிறவரை ஓட்டுவது, கடல் குறுக்கிட்டால் காரைக் கப்பலில் ஏற்றிவிட்டு விமானத்தில் முன்னால் போய்க் காத்திருப்பது. வழியெல்லாம் ஃபோனில் வீடியோ எடுத்துப் போடுவார். பார்க்கிறவர்கள் ஒன்றும் பெரிய கூட்டமில்லை. ஆனால் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரு விஷயம் ரொம்பப் பிடித்திருந்தது. ஒவ்வொரு நாட்டு எல்லையிலும் மாஸ்டர் இறங்கி, ஒரு பிடி மண் எடுத்து, சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுவார். ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, வாசலில் ஒரு மரம் வைப்பதாகத் திட்டம். ‘மண் மாஸ்டர்’ என்றே பேர் வந்துவிட்டது. அந்தப் பேரில் மனிதர் கிறங்கிப் போயிருந்தார். தலை நரைத்தபிறகு கைதட்டல் கிடைத்தால் அப்படித்தான் ஆகும், வேறென்ன!

கேப்டனும் அவர் மனைவியும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கிடைத்த சினேகிதம். அவர்களும் காரில் ஊர் சுற்றக் கிளம்பியவர்கள்தான். கட்டடக் காண்ட்ராக்டராக இருந்து, சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர் கேப்டன். எல்லாரையும் விரட்டி வேலை வாங்குகிற வாய்க்காக அந்தப் பட்டப்பேர். ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் கையாலேயே இயக்குகிற மாதிரி அவர் காரில் ஒரு நெம்புகோல் பொருத்தியிருந்தது. “நீங்கள்லாம் கால்ல நடக்குறீங்க. நான் கார்ல நடக்குறேன், அவ்ளோதான் வித்தியாசம்” என்பார். வீல்சேரில் அவரை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் மனைவியான அக்காவின் வேலை. மாஸ்டரும் அவர் மனைவியும் அந்த அம்மாளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கடற்கரைக்கு வந்ததும் இரண்டு காரையும் ஒரே கண்டெய்னரில் அனுப்பினால் செலவு பாதி என்று முடிவாயிற்று. ஷிப்பிங் ஏஜென்ட் விரல் நீட்டித் திரும்பத் திரும்பச் சொன்னார். “அந்தப் பக்கம் மண்ணு விஷயத்துல ரொம்பக் கறாருங்க. மண்ணுல பூச்சி, விதை ஏதாவது வந்துடும்னு பயம். டயர் இடுக்குல துளி ஒட்டியிருந்தாக்கூட நிறுத்திடுவாங்க. ஒரு வண்டியில இருந்தாப் போதும், ரெண்டு வண்டியும் மாட்டிக்கும்.”

வண்டி கழுவுகிற இடத்தில் அன்று பகல் முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கேப்டனிடம் இரண்டு வீல்சேர் உண்டு. கரடுமுரடான இடத்துக்கென்று தடித்த டயர் போட்டது காரோடு கப்பலில் போகவேண்டும். அக்கா ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அதன் சக்கரத்தை ஒவ்வொரு கோடாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டிலை எல்லாம் கொட்டிட்டீங்களா?” என்று மாஸ்டரின் மனைவி கேட்டாள்.

“கொட்டியாச்சு, கொட்டியாச்சு.”

எங்கே கொட்டினார்! ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பின்கதவின் உள்பக்க மூடியைக் கழற்றி, பாட்டில்களைத் துணியில் சுற்றிச் சொருகி, மறுபடியும் கீறல் தெரியாமல் மாட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் ரூல் படித்தவர் செய்கிற காரியமா இது? மூடின பாட்டிலுக்குள் இருக்கிற மண் யாரை என்ன செய்யும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வேறு.

கப்பல் போய்ச் சேர்ந்தது. இவர்களும் விமானத்தில் போய் இறங்கினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்து லாட்ஜில் கீழ்த்தளம் முழுக்கக் கப்பல் ஊழியர்கள். மாடியில்தான் அறை கிடைத்தது. லிஃப்ட் கிடையாது. கார் வந்துவிடப் போகிறது, ஒரு ராத்திரிக் கதைதானே என்று நினைத்தார்கள். மாஸ்டர்தான் கேப்டனை முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் ஏஜென்ட் ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் நால்வரும் கேட்டார்கள். “கண்டெய்னரை நிறுத்திட்டாங்க. ஸ்கேன்ல பார்த்ததுல ஒரு வண்டியில மண்ணு இருக்காம். எதுலன்னு சொல்ல மாட்டேங்குறாங்க. சோதனைக்குக் கூப்பிடுற அன்னைக்கு நேர்ல வரணும். யார் வண்டியோ அவங்களே அதுக்குள்ள ஒத்துக்கிட்டா, இன்னொரு வண்டியை உடனே விட்டுடுவாங்க. மண்ணு வந்த வண்டியை அனேகமா திருப்பித்தான் அனுப்புவாங்க.”

மாஸ்டரின் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்கு ஒரு பார்வை போதாதா? அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். அவர் மென்று விழுங்கினார். அதற்குள் கேப்டன் பொரிந்து தள்ள ஆரம்பித்துவிட்டார், தன் மனைவியைப் பார்த்து.

“அந்தச் சேர்தான். வேற என்ன? வயக்காடு வரப்புன்னு உருட்டின சக்கரம். கழுவினேன் கழுவினேன்னியே, என்னத்தக் கழுவின?”

“நல்லாத்தாங்க தேய்ச்சேன். ரெண்டு தடவை...”

“கிழிச்ச! இத்தனை வருஷமா என்னைத் தள்ளிக்கிட்டு வர்ற, ஒரு சக்கரத்தைக் கழுவத் துப்பில்ல. உன்னால இப்ப மாஸ்டர் வண்டியும் சேர்ந்து நிக்குது. அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

அக்கா முந்தானையைக்கூடக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், எந்த விரல் ஏமாற்றியது என்று தேடுகிற மாதிரி.

“மன்னிச்சுக்கோங்க மாஸ்டர்” என்றார் கேப்டன்.

மன்னிப்பு! மாஸ்டருக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. “அதெல்லாம் ஒண்ணுமில்ல கேப்டன், விடுங்க” என்றார். பெரிய மனசு பண்ணிப் பேசுகிறவர் குரலில்!

அறைக்குள் வந்ததும் அவர் மனைவி கதவைச் சாத்தினாள்.

“எங்க வச்சீங்க?”

“கதவுக்குள்ள.”

“போய்ச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“எப்ப? அந்த அக்கா அழுது முடிச்சப்புறமா?”

“சொல்றேன்னேன்ல! சமயம் பார்த்துச் சொல்ல வேண்டாமா?”

“நீங்க சொல்லாம நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும். அதனாலதான் வாயை மூடிட்டு இருக்கேன். ரொம்ப நாள் மூட முடியாது.”

சமயம் வரவே இல்லை. அவர் வரவிட்டால்தானே? சொன்னால் காரைத் திருப்பி அனுப்புவார்கள், பயணம் பாதியில் நிற்கும், ‘மண் மாஸ்டர்’ ஊர் சிரிக்கத் திரும்பவேண்டும். அதைவிடப் பெரிய பயம், கேப்டனின் முகம். அதற்குப் பதிலாக அவர் முதுகைக் கொடுத்தார். கேப்டனுக்குச் சும்மா அறையில் அடைந்து கிடக்க முடியாது, கடல்காற்று வேண்டும். காலையில் தூக்கிக்கொண்டு இறங்குவார், மாலையில் தூக்கிக்கொண்டு ஏறுவார். முட்டி விண்விண் என்று தெறிக்கும். தெறிக்கட்டும் என்றிருக்கும். சொல்லாத ஒன்றுக்குக் கூலியாக இதைக் கழித்துக்கொள்ளலாம் என்று அந்த மனுஷனுக்கு ஒரு நப்பாசை.

நடந்தது நேர்மாறு. தூக்கத் தூக்க கேப்டனின் பாசம் கூடிக்கொண்டே போனது. ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது. “உப்பு மூட்டை ரெடிய்யா, குனி!” என்று சின்னப் பையன் மாதிரிக் கத்துவார். ஒரு நாள் தன் மகனிடம் ஃபோனில் பேசியது மாஸ்டர் காதிலேயே விழுந்தது. “கூடப் பொறந்தவன்கூட இப்படித் தூக்க மாட்டான்டா. தங்கமான மனுஷன்.” மாஸ்டர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கண்ணாடியில் தெரிந்த தங்கத்தின் முகத்தில் துப்பலாம் போலிருந்தது.

அக்கா மட்டும் இவர்களோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டார். கேப்டன் அவரிடம் “தண்ணி”, “துண்டு”, “மாத்திரை” என்பதற்கு மேல் பேசுவதில்லை. அவரும் கேட்டதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்.

சோதனைக்குக் கூப்பிட்ட காலையில் அக்கா வீல்சேரோடு முதலிலேயே கீழே போய்விட்டார். டாக்ஸி பிடிக்க மாஸ்டரின் மனைவியும் போனாள். போகும்போது புருஷனைப் பார்த்து, “இன்னைக்கு இல்லன்னா நான்தான்” என்று மட்டும் சொன்னாள்.

கேப்டன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினார். “நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்ய்யா. போனதும் மண்ணு என் வண்டியிலதான்னு நானே சொல்லிடப் போறேன்.”

“எதுக்கு கேப்டன்? இன்னும் திறந்து பார்க்கவே இல்லையே அவங்க.”

“பார்க்குறதுக்கு என்ன இருக்கு? நான் ஒத்துக்கிட்டா உன் வண்டியை உடனே விட்டுடுவாங்கல்ல? என்னோடதைத் திருப்பி அனுப்பட்டும். என் பயணம் இதோட போதும். நீயாவது போ. போய் மரம் வை.”

மாஸ்டர் குனிந்தார். குனிந்தபோது, இப்படியே விட்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நொடி மனசு கணக்குப் போட்டது. போட்டதே! இவ்வளவுக்குப் பிறகும் போட்டதே! அவர் வாழ்நாளில் அதைவிட அசிங்கமான ஒரு நொடி இல்லை.

கேப்டன் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மாஸ்டர் கைப்பிடியைப் பற்றி இறங்கத் தொடங்கினார். படி திரும்புகிற இடத்தில் கால் நின்றுவிட்டது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதது, முதுகில் இருப்பவரிடம் சொல்ல வந்துவிட்டது.

“கேப்டன், மண்ணு என் வண்டியில இருக்கு. பாட்டில் மண்ணு. ஏஜென்ட் சொன்னப்புறமும் கதவுக்குள்ள ஒளிச்சு வச்சேன். உங்க சேர் சுத்தமாத்தான் இருந்தது. எனக்கு முதல் நாளே தெரியும்.”

கழுத்தில் இருந்த கைகள் தளர்ந்தன. முழுக்க விடவும் முடியாது, விட்டால் விழுவார். கேப்டனின் மூச்சு மட்டும் காதோரம் சுடச்சுட வந்துகொண்டிருந்தது.

“இறக்கி விடுங்க” என்றார் கேப்டன்.

மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். மேலேயும் படி, கீழேயும் படி. “எங்க கேப்டன் இறக்குறது?”

கேப்டனும் பார்த்திருப்பார். “சரி, போங்க” என்றார். கைகள் மறுபடி கழுத்தைச் சுற்றின, வேறு வழியில்லாமல். முதுகில் இருந்த பாரம் திடீரென்று இரண்டு மடங்கான மாதிரி இருந்தது. மாஸ்டர் கண் தெரியாதவர்போலக் காலால் துழாவித் துழாவி இறங்கினார்.

கீழே அக்கா வீல்சேரை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அருகே வந்ததும் வழக்கம்போலப் புருஷனின் தொங்கும் காலைத் தாங்கக் கையை நீட்டினார்.

கேப்டன் மனைவியிடம் சொன்னார். “இந்தா, மண்ணு நம்ம வண்டியில இல்லையாம்.”

அக்காவின் கை அப்படியே நின்றது. யார் வண்டியில் என்று அவர் கேட்கவில்லை. மாஸ்டரை ஏறிட்டும் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தார்.

“நான் சொன்னேன்ல” என்றார். “ரெண்டு தடவை தேய்ச்சேன்னு சொன்னேன்ல. நீங்க ஏன் என்னை நம்பல?”

எழுந்து போகக் கேப்டனுக்குக் கால் வராது. திரும்பி நிற்கவும் முடியாது. முகத்தை மறைத்துக்கொள்ள எட்டின தூரத்தில் இருந்தது மாஸ்டரின் தோள் ஒன்றுதான். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மாஸ்டருக்குச் சட்டை நனைவது தெரிந்தது. அவரை இறக்கவும் தோன்றாமல், அக்காவுக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.